எல்லாம் நம்ம வார்த்தைதான்

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. ஐம்பத்து மூன்று வயதாகிறது, இனிமேல் கற்றுக்கொள்ளப் போவதுமில்லை. மனதுக்குள் ஒன்று குடையத் தொடங்கிவிட்டால் என் கை எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும். என் கணவருக்கு முதுகில் ஆபரேஷன் நடந்த வாரம் வீட்டிலிருந்த அத்தனை மளிகை டப்பாக்களையும் கழுவிக் கவிழ்த்தேன். அவருக்கு வேலை போன வருஷம் கராஜ் சுவருக்கு நானே பெயின்ட் அடித்தேன். என் மகள் ஓர் இந்தோனேசியப் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்ன அன்று, போனில் இந்தோனேசிய மொழி கற்றுத்தரும் ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டேன்.

எங்களுக்கு ஒரே மகள். டெக்சாஸில், காப்பெலில் பிறந்து வளர்ந்தவள். இப்போது கலிபோர்னியாவில், பே ஏரியாவில் வேலை. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும், அதுவும் நன்றாகவே வரும். பையனும் அவளோடு வேலை செய்கிறவன்தான். சின்ன வயதிலேயே அம்மா அப்பாவோடு ஹூஸ்டனுக்கு வந்தவன். அப்பா இப்போது இல்லை. அம்மா ஹூஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் வயதானவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டி, படுக்க வைக்கிற வேலை பார்க்கிறார். அவர்கள் முஸ்லிம், நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். யாரும் மாறப் போவதில்லை, பதிவுத் திருமணம்தான் என்று இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டு எங்களுக்குத் தகவல் மட்டும் அனுப்பினார்கள்.

பையன் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. எனக்கு இருந்தது பயம். நேராகவே சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் புரியாத ஒரு வீட்டுக்குள் என் மகள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், நான் வெளியே நின்று தட்டிக்கொண்டிருப்பேன் என்று பயந்தேன்.

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து என் நாத்தனார் வேறு போன் போட்டாள்.

"ஏனுங்கண்ணி, அமெரிக்கா போயி, நமக்குச் சம்பந்தமே இல்லாத ஆளுங்கதான் கெடச்சாங்களாக்கும்?"

அந்தச் 'சம்பந்தமே இல்லாத' எனக்குச் சுருக்கென்று தைத்தது. பாத்திரங்களை இரண்டாம் முறை கழுவினேன். பிறகு ஆப்பைத் திறந்தேன்.

மூன்றாவது பாடத்தில் ஒரு கப்பல் படம் வந்தது. அதன் கீழே 'கபால்' என்றிருந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். நம்ம கப்பல். அடுத்து 'கெடாய்' என்று வந்தது, கடை. 'கெதும்பார்' என்றால் கொத்தமல்லி. எங்கள் பக்கத்திலேயே பழைய ஆட்கள் கொத்தம்பாரி என்பார்கள். திரைச்சீலைக்கு 'தீராய்'. கைவிலங்குக்கு 'பெலெங்கு'. கழுதைக்கு 'கெலெடாய்', கடவுளே, கழுதையைக்கூட நம்மிடம்தான் வாங்கியிருக்கிறார்கள். தட்டுக்கு 'தாலாம்', நம் தாலம். வெறுமனே என்பதற்கு 'ச்சூமா'. அது தமிழிலிருந்து போனதில்லை என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்களாம். அந்தப் பக்கத்தை நான் மூடிவிட்டேன். அன்று குக்கர் ஏழு விசில் விட்டது. பருப்பு கரைந்து ரசமாகப் போயிற்று.

அன்றிலிருந்து எனக்கு அதே வேலை. இருபது வருஷமாக சாஃப்ட்வேர் டெஸ்டராக இருக்கிறவள் நான். எதையும் எக்செல்லில் போட்டால்தான் எனக்கு மூச்சு வரும். முதல் கட்டத்தில் சொல், அடுத்ததில் பொருள், அதற்கடுத்ததில் யாருடையது. தமிழ் என்றால் மஞ்சள், சமஸ்கிருதம் என்றால் பச்சை, அரபுக்கும் டச்சுக்கும் போர்த்துகீசியத்துக்கும் வேறு வேறு நிறம். 'யாருடையது' கட்டம் காலியாக இருந்தால் அந்த வரி முழுக்கச் சிவப்பாகிவிடும்படி செய்து வைத்தேன். ஆபீஸ் பழக்கம். சிவப்பு வரி இருந்தால் எனக்குத் தூக்கம் பிடிக்காது. எங்கிருந்து வந்தது என்று இரண்டு நாள் தேடியும் கிடைக்காத சொற்களை எல்லாம் அழித்துவிட்டு மேலே போனேன்.

பச்சை நிறத்தில்தான் வேடிக்கை அதிகம். 'ச்சிந்தா' என்றால் காதலாம். நமக்குச் சிந்தை. கணவனுக்கு 'சுவாமி' என்று பெயர்.

"அந்த ஊர்லயாவது புருஷனைச் சாமிங்கறாங்களே" என்றார் என் கணவர்.

டச்சுப் பட்டியலில் காசுக்கு 'துயிட்'. நம்ம ஊர்த் துட்டும் அதுவும் ஒன்றுதான். 'காகூஸ்' என்றால் என்ன என்று நான் சொல்லவே வேண்டாம். அந்த டச்சுக்காரன் ஜாவாவிலும் நம்ம கரையிலும் ஒரே பெயரில் கக்கூஸ் கட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

என் கணவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஒருநாள் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என் திரையை எட்டிப் பார்த்தார்.

"நம்ம வீட்டுச் சாவி, ஜன்னல், மேஜை எல்லாம் போர்த்துகீசியன் குடுத்த வார்த்தைதானே. அவன் வந்து என்னுதுன்னு கேட்டா வீட்டையே குடுத்துருவியா?"

"உங்களுக்கு எதுலதான் அக்கறை இருந்துது" என்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாத்தனாருக்கு வாட்ஸப்பில் தினமும் பத்துச் சொல் அனுப்பினேன். சம்பந்தமே இல்லாதவர்களா? இந்தா பார் என்று. ஒரு வாரத்தில் அவள் குரல் மாறிவிட்டது.

"அடேங்கப்பா, அப்படின்னா ஒரு காலத்துல நம்மகிட்ட இருந்து வாங்கித் தின்ன ஆளுங்கதான்னு சொல்லுங்க."

அது என் காதில் விழுந்தது. விழாமல் என்ன? திருத்தியிருக்க வேண்டும். அவள் சம்மதித்துவிட்டாளே என்கிற நிம்மதியில் விட்டுவிட்டேன்.

இரண்டு குடும்பமும் முதலில் ஹூஸ்டனில் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. மகளும் பையனும் விமானத்தில் வந்தார்கள். நாங்கள் நாலு மணி நேரம் காரில் போனோம். பின் சீட்டில் ஐந்து தட்டு. எங்கள் பக்கம் தட்டு ஒற்றைப்படையாகத்தான் வைப்போம். அவர்களும் பெண் கேட்கப் போகும்போது தட்டுகளில் சீர் கொண்டுபோவார்கள் என்று படித்திருந்தேன், அந்தச் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் தட்டில் பழம். இரண்டாவதில் வெற்றிலை பாக்கு, மஞ்சள். மூன்றாவதில் புடவை. நாலாவதில் லட்டு. ஐந்தாவது தட்டில் என் எக்செல். இருநூற்றுப் பன்னிரண்டு சொல், கலரில் அச்சடித்து, ஸ்பைரல் போட்டு, மேலே மல்லிகைப்பூப் படம். கடையில் அதை பைண்ட் செய்து கொடுத்த பெண்ணிடம்கூடப் பெருமை பேசிவிட்டு வந்திருந்தேன்.

சாப்பாட்டை, இந்தியக் கடைகள் நிறைந்த மகாத்மா காந்தி மாவட்டத்தில், ஹில்க்ராஃப்ட் தெருவில் ஒரு தென்னிந்திய ஓட்டலில் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னதும் நான்தான். பையனின் அம்மாவைக் கேட்கவில்லை. அவர் எனக்கு முன்பே வந்து வாசலில் காத்திருந்தார். என் தோள் உயரம், தலையில் சாம்பல் நிறத் துணி, கையில் வாழை இலையில் சுற்றிய பலகாரம். அவர்கள் ஊரில் எங்கள் வயதுப் பெண்களை 'இபு' என்று கூப்பிட வேண்டும். அம்மா என்கிற மாதிரி. நான் அவரை இபு என்றேன், அவரும் என்னை இபு என்றார். மற்றபடி பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான்.

உட்கார்ந்ததிலிருந்து என் வாய் மூடவில்லை. ஆப்பம் வந்தது. "உங்க அப்பாம் எங்க ஆப்பம்தான், இபு." கறி வந்தது. "காரி. அதுவும் எங்களுது." தட்டைத் தூக்கிக் காட்டினேன், கொத்தமல்லித் தழையைக் கிள்ளிக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் சிரித்து, "ஓ, யா?" என்றார். நான் உற்சாகமாகிவிட்டேன். மகள் மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள். மிதித்தால் எனக்கு வேகம்தான் கூடும்.

சாப்பிட்டுவிட்டுப் பக்கத்து மளிகைக் கடைக்குள் போனோம். ஓர் ஆள் அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு எங்களைக் கடந்து போனான்.

"குலி" என்று நான் அவனைக் கண்ணால் காட்டினேன். "கூலி. அதுவும் எங்க வார்த்தை, இபு. உங்க ஊருக்கு மட்டுமில்ல, உலகம் பூராப் போயிருக்கு."

"ஓ, யா?" என்றார். பிறகு மாம்பழம் இருந்த பக்கம் நடந்து போனார். பழம் பார்க்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

பிரிகிறபோது தட்டுகளைக் கொடுத்தேன். ஐந்தாவது தட்டிலிருந்த புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஊருக்குத் திரும்பும்போது நான் கணவரிடம் நாற்பது மைல் தூரம், "பாத்தீங்களா, எவ்வளவு சந்தோஷப்பட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து நிச்சயதார்த்தம். காப்பெலிலேயே ஒரு ஹால் பார்த்தேன். தேதி கேட்டுப் பையனின் அம்மாவுக்கு மெசேஜ் போட்டேன். 'பார்க்கலாம் இபு, அந்த மாதம் கொஞ்சம் கஷ்டமாக இருக்கலாம்' என்று பதில் வந்தது. சரி, ஷிஃப்ட் இருக்கும். வேறு தேதி கேட்டேன். 'இருக்கலாம் இபு, பார்ப்போம்.' ஒரு சிரிக்கிற முகம் வேறு. நான் இரண்டாவது தேதிக்கே ஹாலை புக் பண்ணி, கேட்டரிங்காரரிடம் நூற்றிருபது பேர் என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று கத்துவோம். கத்தாவிட்டால் சம்மதம். வேறு மாதிரி ஒரு ஊர் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்தாள். தமிழில் ஆரம்பித்தாள்.

"அம்மா, அவங்க வரலைன்னு சொல்லிட்டாங்க."

"எப்போ சொன்னாங்க? பாக்கலாம்னுதானே சொன்னாங்க."

"ரெண்டு வாரமா சொல்லிட்டேதான் இருக்காங்க. உனக்குத்தான் கேக்கலை. அவங்க மூஞ்சிக்கு நேரா நோ சொல்ல மாட்டாங்கம்மா. பாக்கலாம்னா வேண்டாம்னு அர்த்தம். அது அங்க எல்லாருக்கும் தெரியும்."

"எதுக்கு வேண்டாங்கறாங்க? நான் என்ன பண்ணினேன்?"

"என்ன பண்ணினியா? அவங்க வாயைத் தெறந்து பேசற ஒவ்வொண்ணையும் இது எங்களுது, இது எங்களுதுன்னு சொன்னே. புக்கு போட்டு வேற குடுத்தே. இந்தப் பொண்ணு வீட்டுல நான் எந்த எடத்துல உக்கார்றதுன்னு அவன்கிட்ட கேட்டாங்களாம்."

எனக்குக் கோபம் வந்தது. நாலு மாசம் அவர்கள் மொழியைப் படித்தவள் நான். அவர் தமிழில் ஒரு வார்த்தை படித்தாரா? அதைச் சொல்லவும் செய்தேன்.

"அவங்க ஆசீர்வாதம் இல்லாம அவன் பண்ணிக்க மாட்டான்" என்றாள் கடைசியில். "நானும் அவனை வான்னு கூப்பிட மாட்டேன். இது நின்னு போச்சுன்னா, நான் உங்கிட்ட சண்டை போட மாட்டேம்மா. பேசவும் மாட்டேன்."

வைத்துவிட்டாள். அவளுக்குச் சொன்னால் சொன்னதுதான், என் வயிற்றில் பிறந்தவள் ஆயிற்றே. நான் ஓவனைக் கழற்றி, கம்பியைத் துலக்கி, திரும்ப மாட்டினேன். ஃபிரிட்ஜைக் காலி பண்ணினேன். மனசு ஆறவில்லை. யாரோ வீட்டுக் கதவை அவள் சாத்திக்கொள்வாள் என்று பயந்தவள் நான். இப்போது என் வீட்டுக் கதவையே அவள் வெளியிலிருந்து சாத்துகிறாள். சாவியும் நான் எடுத்துக் கொடுத்ததுதான்.

செவ்வாய்க்கிழமை ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ஹூஸ்டனுக்கு டிரைவ் பண்ணினேன். வழி முழுக்க வாய்க்குள் பேசிப் பார்த்தபடியே போனேன். பேசிப் பார்த்த எல்லாப் பேச்சிலும் 'நல்ல எண்ணத்துலதான் சொன்னேன்' என்று வந்தது. எனக்கே எரிச்சலாக இருந்தது. இரண்டு முறை பெட்ரோல் பங்கில் நிறுத்தி, காரைச் சுற்றி நடந்துவிட்டுத் திரும்ப ஏறினேன். பழம் வாங்கலாமா என்று நினைத்து, வாங்காமல் விட்டேன். என் கையால் இன்னொரு தட்டை அவரிடம் நீட்ட எனக்குத் துணிச்சல் இல்லை.

மதியம் இரண்டு மணிக்கு அவருடைய அபார்ட்மென்ட் கதவைத் தட்டினேன். காலை ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருக்கிறார், நீலச் சீருடையை இன்னும் மாற்றவில்லை. என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"இபு தனியாவா ஓட்டிட்டு வந்தீங்க? சாப்பிட்டீங்களா?"

நான் பேச வாயெடுத்தேன். "முதல்ல சாப்பாடு" என்றார். சோறும், சோயாவைப் புளிக்க வைத்து வறுத்த டெம்பேயும், மிளகாய்ச் சம்பலும் வைத்தார். எதிரே உட்கார்ந்துகொண்டு நான் தின்று முடிக்கிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு நீளமான சாப்பாடு சாப்பிட்டதில்லை. மேஜை ஓரத்தில் மல்லிகைப்பூ அட்டையோடு என் புத்தகம் இருந்தது. மேலே ஒரு பென்சில்.

தட்டை எடுத்து வைத்துவிட்டுப் புத்தகத்தை இழுத்துத் திறந்தார்.

"பஸ்ஸுல வேலைக்குப் போறப்போ முழுசாப் படிச்சேன், இபு. எனக்கே தெரியாதது நிறைய இருக்கு. நல்லா உழைச்சிருக்கீங்க." பக்கங்களைப் புரட்டினார். "ஆனா அனாக் இல்லை இதுல. குழந்தை. இபு இல்லை. ஹூஜான் இல்லை, மழை. பூலாங்னு ஒண்ணு உண்டு, வீட்டுக்குத் திரும்பிப் போறது. அதைத் தேடித் தேடிப் பார்த்தேன்."

"அதெல்லாம் எங்கிருந்து வந்ததுன்னு தெரியலை" என்றேன். "அந்த எடம் காலியா இருந்தா வரியே சிவப்பாயிடும். அதனால எடுத்துட்டேன்."

சொல்லச் சொல்லவே அது எப்படி ஒலிக்கிறது என்று எனக்கே கேட்டது. சொன்னதைப் பாதியில் விழுங்க முடியவில்லை.

"எங்கிருந்தும் வரலை, இபு" என்றார். குரல் உயரவே இல்லை. "அது எங்களுது."

பிறகு ஓரம் மடக்கி வைத்திருந்த ஒரு பக்கத்தைப் பிரித்து என் பக்கம் திருப்பினார். மஞ்சள் வரி. குலி. அதற்குப் பக்கத்தில் நான் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தேன், ஆங்கிலத்துக்கும் போன சொல் என்பதற்காக.

"என் தாத்தா ஜாவாக்காரர். சுமத்ராவுல வெள்ளைக்காரன் புகையிலைத் தோட்டத்துக்குக் கப்பல்ல ஏத்திட்டுப் போனாங்க. ஒரு தாள்ல கைநாட்டு வாங்கினாங்க. அந்தத் தாள்ல அவர் பேரைவிட இந்த வார்த்தைதான் பெரிசா இருந்துதுன்னு எங்கம்மா சொல்லுவாங்க. ஓடிப் போனவங்களைப் புடிச்சிட்டு வந்து அடிப்பாங்களாம். அதே தோட்டத்துல உங்க ஆளுங்களும் இருந்தாங்க. எங்க வீட்டுல சின்னப் பிள்ளைங்க இந்த வார்த்தையைச் சொன்னா வாயில அடி விழும்." ஒரு விரலை அந்த வரியின் மேல் வைத்தார். "மத்ததெல்லாம் இருக்கட்டும். கபால் உங்களுது, தாலாம் உங்களுது, எனக்குச் சந்தோஷம்தான். இது ஒண்ணை மட்டும் நீங்க திரும்ப எடுத்துக்கிட்டுப் போயிடுங்க."

வரும் வழியில் சேர்த்து வைத்த பேச்சை அப்படியே விட்டேன். எனக்குக் கண்ணில் நின்றது வேறு.

கோபிக்குப் பக்கத்தில் எங்கள் அப்பாவின் மஞ்சள் காடு. வேலைக்கு வந்தவர்கள் வீட்டு முன்பக்கம் வர மாட்டார்கள். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நிற்பார்கள். எங்கள் வீட்டில் அவர்களுக்குப் பெயர் கிடையாது, கூலியாளுங்க. வெயில் நேரத்தில் அவர்களுக்கு மோர் கொண்டுபோகிறது என் வேலை. எட்டு வயது எனக்கு. டம்ளர் கிடையாது, அவர்கள் இரண்டு கையையும் சேர்த்துப் பிடிப்பார்கள். படாமல் ஊற்று என்று சொல்லியிருந்தார்கள். நான் சொம்பைத் தூக்கிப் பிடித்து ஊற்றுவேன். ஒரு கிழவர் என்னைப் பார்த்து, "இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க சாமி" என்பார். எட்டு வயதுப் பிள்ளையைப் பார்த்து. அது எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதை அவரிடம் சொன்னேன். இவ்வளவையும் சொன்னேன். என் ஆங்கிலம் அங்கங்கே நொண்டியது.

"அந்த வார்த்தையைக் குடுத்தது நாங்கன்னு பெருமையாச் சொன்னேனே, அது நெசந்தான்" என்றேன். "எங்க வீடு அதைக் குடுத்த பக்கம். வாங்கினவங்க யாருன்னு நான் இதுவரைக்கும் நெனச்சுப் பாத்ததில்லை. வெக்கமா இருக்கு, இபு."

பரவாயில்லை என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார். நானும் போய்ப் பக்கத்தில் நின்று துடைத்தேன். மூன்று தட்டுதான். துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

"எங்க வழக்கத்துல பையன் வீட்டுப் பெரியவங்க எழுந்து நின்னு பொண்ணைக் கேக்கணும்" என்றார், குழாயை மூடிவிட்டு. "என் வீட்டுக்காரர் இல்லை. அதனால நான் கேப்பேன். என் மொழியிலதான் கேப்பேன். யாரும் அதைத் தமிழ்லயோ இங்கிலீஷ்லயோ மாத்திச் சொல்லக் கூடாது. நீங்களும் இது என்ன, அது யாருதுன்னு யாருக்கும் சொல்லக் கூடாது. முழுசாக் கேக்கணும். கேட்டுட்டு நீங்கதான் பதில் சொல்லணும்."

"எனக்குப் பாதிதானே புரியும்."

"பாதி போதும்" என்றார்.

காருக்கு வந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிறகு மகளுக்கு மெசேஜ் போட்டேன், வர்றாங்க என்று. அரைமணி நேரம் கழித்து, 'நீ என்ன பண்ணினே?' என்று பதில் வந்தது. 'பாத்திரம் துடைச்சேன்' என்று அனுப்பினேன். அன்று மாலை போனில் பேசினாள், ஆங்கிலத்தில். பெண்ணைக் கேட்கிறது, கொடுக்கிறது என்கிற பேச்சே அவளுக்குப் பிடிக்காது, எனக்கும்தான். "தட்ஸ் ஓகே, மா" என்றாள். "லெட் ஹர் ஆஸ்க். அது அவங்களுக்கு முக்கியம்."

நிச்சயத்தன்று அவர் தம் பக்கத்து ஆட்கள் பதினைந்து பேரோடு வந்தார். பழுப்பு நிறச் சட்டை, பூப்போட்ட கைலி மாதிரி ஒன்று, அதே சாம்பல் நிறத் துணி தலையில். எங்கள் நூறு பேர் இரைச்சலாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் நாத்தனார் கோபியிலிருந்து வீடியோ காலில் இருந்தாள். போனை என் கையில் பிடித்திருந்தேன். அவர் எழுந்து நின்றார். கையில் தாள் எதுவும் இல்லை. மைக் வேண்டாம் என்றுவிட்டார். அவர் குரல் கேட்க வேண்டுமென்றால் ஹாலே வாயை மூட வேண்டும். மூடியது.

முதலில் எனக்குப் பழைய புத்திதான் வந்தது. அவர் வாயிலிருந்து வருகிற ஒவ்வொன்றுக்கும் தலைக்குள் மஞ்சள், பச்சை. புத்ரி என்றார், பச்சை. பஹாகியா என்றார், பாக்கியம், சந்தோஷம், பச்சை.

"அண்ணி, புத்திரின்னுதானுங்களே சொன்னாங்க?" என்று போனுக்குள்ளிருந்து நாத்தனார் கேட்டாள். நான் போனை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

பிறகு எனக்குத் தெரியாத சொற்கள் வரத் தொடங்கின. ஒன்றன்பின் ஒன்றாக, நெடுநேரம். பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்கவில்லை. நடுவில் அனாக் என்றது கேட்டது. இன்னொரு முறை, அனாக். அவர் என் மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஓரிடத்தில் நிறுத்தி, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, மறுபடி தொடங்கினார். புருஷன் சொல்ல வேண்டியதை ஒற்றை ஆளாக, மொழி தெரியாத நூறு பேர் நடுவில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறார். என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நாலு மாசமாகக் கண்ணில் பட்டதையெல்லாம் எங்களுடையது, எங்களுடையது என்று அள்ளிக் கட்டியவளிடம் வந்து நின்று, உண்மையிலேயே என்னுடையதாக இருந்த ஒன்றைக் கேட்கிறார்.

முடித்துவிட்டுக் கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றார். உட்காரவில்லை. என் கணவர் என்னைப் பார்த்தார். மகள் பார்த்தாள். பையன் தரையைப் பார்த்தான்.

நான் எழுந்தேன். காலையில் கண் விழித்ததிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறவள் நான், என் வாய்க்குப் பயந்து எங்கள் ஆபீஸில் மீட்டிங்கையே சுருக்குவார்கள். அன்று வார்த்தையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அவர் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. மகளைப் பார்த்தேன், இருபத்தெட்டு வயதுப் பெண், பட்டுப்புடவைத் தலைப்பைச் சின்னப் பிள்ளை மாதிரி விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"தர்றோமுங்க" என்றேன்.